இஃப் ஹி ஹாலர்ஸ் லெட் ஹிம் கோ (நாவல்): ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்காவின் நிறப் பாகுபாட்டைத் தொழிலாளியின் பார்வையில் காட்டும் நாவல் இது. கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ் எழுதி 1945இல் வெளிவந்தது. விளையாட்டில் ஆள் பிரிக்கக் குழந்தைகள் பாடும் பாட்டிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. அப்பாட்டின் பழைய வடிவத்தில் கறுப்பரை இழிக்கும் சொல் இருந்தது.

பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1941 ஜூனில் ஆணையிட்டார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனில் பேரணி நடத்தப்போவதாக எச்சரித்ததே இதற்குக் காரணம். ஆணையால் வேலை கிடைத்தது. வேலைக்குரிய மரியாதை கிடைத்ததா என்று நாவல் கேட்கிறது.

நாயகன் பாப் ஜோன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு தொழிலாளர் குழுவுக்குத் தலைவன். மேட்ஜ் என்ற வெள்ளைக்காரப் பெண் அவனோடு வேலை செய்ய மறுத்து, இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசுகிறாள். அவனும் திருப்பித் திட்டுகிறான். பதவி பறிபோவது அவனுக்கு மட்டும். சட்டத்தால் எட்ட முடியாத அன்றாட அநீதியை இந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கிவிடுகிறது.

பாபின் அச்சத்துக்கு ஹைம்ஸ் சொல்லும் காரணமும் கவனிக்கத்தக்கது. ஜப்பானிய வம்சாவளியினர் விசாரணையின்றி முகாம்களுக்கு அனுப்பப்பட்டதைப் பார்த்த பின்புதான் அவனுக்குப் பயம் பிடிக்கிறது. அவர்களுக்கு நேர்ந்தது நாளை தனக்கும் நேரலாம் அல்லவா? பிற இனத்தாரின் துன்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த விரிவு நாவலின் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. மேட்ஜ் வெறுப்பின் உருவமாகவே நிற்கிறாள்; அவளுடைய வறுமையும் தனிமையும் போதுமான அளவு ஆராயப்படவில்லை. அனுசரித்துப் போகச் சொல்லும் காதலி ஆலிஸ் பல இடங்களில் ஒரு கருத்தின் குரலாகச் சுருங்கிவிடுகிறாள். எல்லாவற்றையும் பாபே சொல்வதால் அவனது கோபத்துக்கு வெளியே நின்று பார்க்க வாசகருக்கு இடமில்லை.

ஆயினும் முடிவு அழுத்தமானது. மேட்ஜ் சுமத்தும் பொய்யான பாலியல் குற்றச்சாட்டில் பாப் கைதாகிறான். ராணுவத்தில் சேர்ந்தால் விட்டுவிடுவதாக நீதிபதி கூறுகிறார். அந்த ராணுவமோ கறுப்பரைத் தனிப்பிரிவுகளில் வைத்திருந்தது. அம்முறையை நீக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948இல்தான். சுதந்திரத்துக்கான போர் என்று நாடே முழங்கிய காலத்தில், குற்றமற்ற ஒருவனுக்கு அந்தப் போரே தண்டனையாகத் தரப்படுகிறது. அமெரிக்கப் போர்க்கால வரலாறு படிக்கும் மாணவர்கள் அரசாணைகளோடு இந்நாவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.