கார்வை

வீணைக் கச்சேரியில் என் காது மீட்டைவிடக் கார்வைக்குத்தான் காத்திருக்கும். விரல் தந்தியில் பட்டுப் போவது ஒரு கணம். பிறகு நாதம் எப்படித் தேய்கிறது என்பதில்தான் மரத்தின் பதமும் ஆசாரியின் கையும் தெரியவரும். வானில் திடீரென மின்னி மறையும் காமா கதிர் வெடிப்புகளையும் நான் அப்படித்தான் ரசிக்கிறேன். நீண்ட வகை வெடிப்பே பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதன் பின் மிஞ்சித் தேயும் பின்னொளிர்வு நாள்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் நிற்கும்.

அந்தக் கார்வை நம் காதில் விழ 30 ஆண்டுகள் ஆயின. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலையிலேயே ஒரு வெடிப்பைப் பதிந்துவிட்டன. ஆனால் வானில் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் இடத்தைக் குறுக்கித் தந்தது. லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அங்கே மங்கிக்கொண்டிருந்த ஒரு புள்ளியைப் படம் பிடித்தது.

2008 மார்ச் 19 வெடிப்பை மெச்சுபவர்கள் அதிகம். சுவாதி இருக்கும் விண்மீன் கூட்டத்தில், வெறும் கண்ணுக்கே எட்டும் அளவுக்குச் சில நொடிகள் அது ஒளிர்ந்தது. எனக்குப் பிரியமானது 1997 மே 8 வெடிப்புதான்.

அதன் கண்ணுறு ஒளி உடனே மங்கவில்லை. இரண்டு நாள் ஏறி, பிறகுதான் இறங்கத் தொடங்கியது. அந்த இறக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது: வெடித்ததிலிருந்து கடந்த நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒளி பாதிக்கும் சற்றுக் கீழே போனது. ஹவாயின் கெக் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் இரும்பும் மக்னீசியமும் உறிஞ்சி விட்ட கோடுகள், அந்த ஒளி குறைந்தது சுமார் 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்ததைக் காட்டின. வெடிப்புகள் நம் பால்வீதியின் விளிம்பிலா, அதற்கு வெகு அப்பாலா என்ற நெடுநாள் வழக்கு அத்தோடு தீர்ந்தது.

வெடித்துச் சிதறிய பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதி வேகம் இழக்க இழக்க, ஒளியின் உச்சம் எக்ஸ் கதிரிலிருந்து கண்ணுறு ஒளிக்கும், அகச்சிவப்புக்கும், கடைசியில் ரேடியோவுக்கும் இறங்கும். அதிர்வெண் மெய்யாகவே படிப்படியாகக் குறைகிறது. தார ஸ்தாயியில் எடுத்து மந்தரத்தில் வந்து அமரும் அவரோகணம் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

மந்தரத்தில்தான் நான் சொக்கிப்போன இடம் வருகிறது. நியூ மெக்சிகோவின் விஎல்ஏ ஆண்டெனாக்கள் சில நாள் கழித்து ரேடியோவில் மே 8 வெடிப்பின் பின்னொளிர்வைப் பிடித்தபோது அது மினுக்கியது. ஒரு நாள் பிரகாசம், மறுநாள் மங்கல். நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது என்று மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குச் சொல்வோமே, அதே சங்கதிதான். புள்ளியாகத் தெரிவது மினுக்கும், வட்டாகத் தெரிவது நின்று ஒளிரும். இங்கே காற்றின் வேலையை நட்சத்திரங்களுக்கு இடையே பரவிய எலெக்ட்ரான்கள் செய்தன. சில வாரங்களில் மினுக்கல் தணிந்தது. புள்ளி வட்டாகிவிட்டது! எந்தத் தொலைநோக்கியும் நேராக அளக்க முடியாத அந்தச் சின்ன வட்டின் அளவை வானியலாளர்கள் டேல் ஃப்ரெய்ல், ஸ்ரீனிவாஸ் குல்கர்னி குழுவினர் மினுக்கல் நின்றதை வைத்தே கணித்தார்கள். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அது விரிந்துகொண்டிருந்தது.

அந்த ரேடியோ ஒளியை 450 நாட்கள் தொடர்ந்தார்கள். மே 8 அன்று காமா கதிர் வந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான்.