பெயரைப் பெயர்த்தவர்கள்

காரியாபட்டி பஸ் நிலையத்தில் நின்று "சின்னப்பா!" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கிறவர் இந்துவா கிறிஸ்தவரா என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் 'சிறியவன்' என்று பொருள். அதற்குச் சின்னப்பன் என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரானாலும் அவர் பெரிய மொழிபெயர்ப்பாளர் என்பது என் அபிப்பிராயம். 1951ல் மறைந்த நடிகர் பி. யு. சின்னப்பாவுக்கும் அந்த அப்போஸ்தலருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெயர் மட்டும் ஒன்று.

சீனாவில் வேறு வழி. 1582ல் மக்காவ் போய்ச் சேர்ந்த மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரியார், ரிச்சியைச் சுருக்கி 'லீ' என்று குடும்பப் பெயராக முன்னால் வைத்து, மத்தேயோவை 'மாதோ' ஆக்கிக்கொண்டார். அவர் பார்த்தது ஓசையை.

நம் பக்கம் வந்தவர்கள் பொருளைப் பார்த்தார்கள். ஜான் என்றால் கடவுளின் அருள். 1693ல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த ஜான் டி பிரிட்டோ அருளானந்தர் ஆனார். 1680ல் பிறந்த பெஸ்கியின் கதைதான் ருசியானது. கான்ஸ்டன்ஸோ என்றால் நிலையாக நிற்பவர். அவர் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தவறில்லை. சம்ஸ்கிருதத்தில் தைரியம் என்பதற்கு அசையாத உறுதி என்றே பொருள். தமிழுக்கு வந்து அது துணிச்சலாகிவிட்டது. பிறகு வடசொல்லை விலக்கியபோது அந்தத் துணிச்சல்தான் தமிழாயிற்று: வீரமாமுனிவர்! நிலையாக நின்றவர் கையில் வாளைக் கொடுத்துவிட்டார்கள்.

1726ல் முடிந்த தேம்பாவணியில் அவர் ஜோசப்பை வளன் ஆக்கினார். எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள். (ஜோசப் அவருடைய இரண்டாவது பெயரும்கூட.) 3,615 பாட்டுகளுக்குள் எங்கே வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும் சின்னச் சொல். ஆனால் காவியத்தின் நாயகன் ஒரு தச்சன். வளன் என்று படிக்கும்போது எனக்கு இழைப்புளி கண்ணில் படுவதில்லை. போர்ச்சுகீசிய ஓசையிலிருந்து ஜனங்கள் பிடித்துக்கொண்ட சூசைக்குத் தமிழில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் சூசை என்றதும் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். திருச்சியில் கல்லூரி புனித வளனார் கல்லூரியாயிற்று. கிராமத்துத் தாத்தா சூசையாகவே இருக்கிறார்.

சூரியநாராயண சாஸ்திரி துண்டு துண்டாகப் பெயர்த்துப் பரிதிமாற்கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலை ஆனதும் வாசகர்களுக்குத் தெரியும். மறைமலையில் ஒட்டுப் போட்டது தெரியவில்லை, மற்றதில் தெரிகிறது.

அயல்நாட்டு நாவல்களைத் தமிழாக்குகிறவர்கள் பாத்திரங்களின் பெயரையும் தமிழாக்க ஆசைப்படுகிறார்கள். சோபியா என்றால் ஞானம் என்பது உண்மைதான். அவளை அறிவுக்கரசி ஆக்கி, பீட்டர்ஸ்பர்க் பனியில் நடக்கவிட்டால், இரண்டாவது பக்கத்திலேயே அவளுக்குக் குளிர்விட்டுப் போகும்.