அவையறிதல் இல்லா அவையஞ்சாமை: லூனாஸ் வட்டாரப் பேச்சுப்போட்டிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நம் பள்ளிகளில் மேடைப்பேச்சுப் பயிற்சி என்னும் பெயரில் நடைபெறுவது பெரும்பாலும் மனனப் பயிற்சியே என்பதை ஆசிரியர் அறிவர். எனினும், அம்மனனம் மாணவரிடத்து எதனை வளர்க்கிறது, எதனை வளரவிடாது தடுக்கிறது என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த லூனாஸ் வட்டாரப் போட்டிகளில் நடுவராக அமர்ந்து பெற்ற பட்டறிவைக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

திருக்குறளிலிருந்து தொடங்குவது பொருத்தம். பேச்சுக்கலையைப் பற்றிக் கூறும்போது சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்களை நாம் ஒருசேரக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால், அவை நூலில் ஒருசேர நிற்கவில்லை. சொல்வன்மை 65-ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவன வினையைப் பற்றியவை. பின்னர் தூது வருகிறது. பிறர் முகத்தைக் கண்டு உள்ளத்தை உணரும் குறிப்பறிதல் 71-ஆவதாக வருகிறது. அதன் பின்னரே 72-இல் அவையறிதலும் 73-இல் அவையஞ்சாமையும் இடம்பெறுகின்றன. அச்சமின்மை இவ்வரிசையின் இறுதியில் நிற்பது நோக்கற்பாலது. மேலும், அவைக்கு அஞ்சாமல் மறுமொழி கூறும்பொருட்டே கற்கவேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. அஃதாவது, வள்ளுவர் கருதும் அவை வாய்பேசாத அவையன்று. திருப்பிக் கேட்கும் அவை.

நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கியுள்ளோம். முதல் வகுப்பிலிருந்தே அஞ்சாமையைப் பயிற்றுகிறோம். அவையறிதலை இறுதிவரை பயிற்றுவதில்லை.

லூனாஸில் நான் கண்ட ஒரு நிகழ்வைக் கூறவேண்டும். பதினைந்து அகவை மாணவன் ஒருவன் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசினான். கணீரென்ற குரல், பிழையற்ற உச்சரிப்பு, உரிய இடங்களில் உயர்ந்து தாழ்ந்த கை. அவ்வுரையின் சொற்றொடர்களை வேறு ஊர்களிலும் நான் கேட்டிருக்கிறேன். எழுதியவர் ஆசிரியர் என்பதில் ஐயமில்லை. அவனுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. தேநீர் வேளையில் அதே மாணவன், தன் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம் விற்கப்பட்டதையும், லயத்து வீடுகள் இடிக்கப்பட்டதையும், கோயிலை எங்கே மாற்றுவது என்று பெரியவர்கள் இரு பிரிவாய் நின்றதையும் என்னிடம் விவரித்தான். எது முன், எது பின் என்ற ஒழுங்கு அதில் இருந்தது. எனக்குத் தோட்ட வாழ்க்கை எவ்வளவு தெரியும் என்பதை என் முகத்தைப் பார்த்தே அளந்து, தெரியாதவற்றை மட்டும் விளக்கினான். மேடையில் வராத பேச்சு கையில் தேநீர்க் குவளையுடன் நின்றபோது வந்தது. அதற்கு நாங்கள் மதிப்பெண் வழங்கவில்லை. வழங்கவும் இயலாது, மதிப்பீட்டுப் படிவத்தில் குரல், உச்சரிப்பு, தொனி, உடல்மொழி, கருத்து ஆகியவற்றுக்கே இடமிருந்தது. அப்படிவத்தை வகுத்த குழுவில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை.

இவ்வலங்கார நடை எங்கிருந்து வந்தது? தமிழில் பொதுமேடை என்பது நாம் எண்ணுமளவு தொன்மையானதன்று. 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறித்துவப் பாதிரிமாரின் போதனை முறையை உட்கொண்டு அவர்களுக்கே எதிராக எழுந்த வடிவம் அது. மதுரையில் களப்பணி செய்த பெர்னார்ட் பேட் 2009-இல் வெளியிட்ட நூலில், திராவிட இயக்க மேடைகளின் செந்தமிழ் நடை எவ்வாறு தலைமைத்தன்மையின் அடையாளமாயிற்று என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். அந்நடைக்கு அங்கே அரசியற் பணி ஒன்று இருந்தது. நம் போட்டி மேடைகள் நடையைப் பெற்றுக்கொண்டு பணியைக் கைவிட்டன எனலாம். 1929 இறுதியில் மலாயாவிற்கு வந்து சுற்றுப்பயணம் செய்த பெரியார் பேச்சுவழக்கிலேயே மணிக்கணக்காகப் பேசியவர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். அவர் நம் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் 'தொனி' என்னும் கட்டத்தில் என்ன பெற்றிருப்பாரோ!

பணியுள்ள பேச்சிற்குக் கெடா புதிய இடமன்று. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இம்மாநிலத்துத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளரைத் திரட்டியது. குடிப்பவரையும், குடிப்பவரின் மனைவியையும், குடியால் வருவாய் காண்பவரையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு பேசவேண்டிய நிலை அது. 1947 ஏப்ரலில் கூலிம் மாவட்டத்து டப்ளின் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைக் கைதுசெய்யக் காவலர் முனைந்தபோது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொழிலாளர் கூட்டமும் அதன்முன் எழும் குரலும் அன்று எத்துணை அச்சத்திற்குரியனவாய்க் கருதப்பட்டன என்பதை இது உணர்த்தும்.

2000 நவம்பர் 29 அன்று நடைபெற்ற லூனாஸ் சட்டமன்ற இடைத்தேர்தலையும் இவ்வகையில் காணலாம். கொலையுண்ட சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டசின் இடத்திற்கு நடந்த அத்தேர்தலில், தேசிய முன்னணியின் சார்பில் போட்டியிட்ட ம.இ.கா. வேட்பாளரைக் கெஅடிலான் கட்சியின் சைபுடின் நசுத்தியோன் 530 வாக்கு வேறுபாட்டில் வென்றார். கெடா சட்டமன்றத்தில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. செராமாக்களே இதனைச் சாதித்தன என்று கூறுதல் மிகையாகும். எனினும், மூவினத்தாரும் வாழும் அத்தொகுதியில் ஒரே உரை எல்லாக் கூட்டத்திற்கும் பொருந்தியிராது. சீனர் நடுவே வாவாசான் பள்ளித் திட்டம் பெருங்கவலையாக இருந்தது. மலாய்க்காரர் நடுவே அன்வார் இப்ராகிமின் சிறைவாசம் கொதிப்பை ஏற்படுத்தியிருந்தது. அவையறியாது அங்குப் பேசியவர் கூட்டம் கலைவதைக் கண்முன் கண்டிருப்பர். நம் போட்டியிலோ கூட்டம் கலையாது. ஏனெனில், அமர்ந்திருப்போர் அடுத்த போட்டியாளரின் பெற்றோர்.

எனவே, உரையை ஆயத்தம் செய்வதை எழுத்துப்படியிலிருந்து தொடங்காமல் கேட்போரிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. ஒரே தலைப்பை முதலில் பெற்றோர் சங்கக் கூட்டத்திலும், பிறகு நான்காம் ஆண்டு மாணவர்முன்பும் பேசச் செய்தால், மாணவர் தாமே சொற்களை மாற்றத் தொடங்குவர். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், மாணவர் விவாத அரங்குகளில் கேட்போர் எழுந்து குறுக்கிட்டு வினவுவதைக் கண்டிருக்கிறேன். அவ்வரங்குகளில் வாய்ச்சாலமும் மிகுதி; அதனை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. வினாவிற்கு இடமளித்தல் மட்டும் கொள்ளத்தக்கது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபின் வகுப்புசார் மதிப்பீட்டில் பேச்சுத்திறனுக்கு உள்ள இடம் இதற்குத் துணைநிற்கும். ஆசிரியர்க்குப் பணிச்சுமை கூடும் என்பதும் உண்மையே.

அண்மையில் அதே வட்டாரத்தில் நடந்த ஒரு போட்டியில், ஒவ்வோர் உரைக்குப் பின்னும் அவையினர் ஒரு வினாத் தொடுக்கலாம் என்று அறிவித்தோம். தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு என்று முழங்கி முடித்த மாணவனை நோக்கி, பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "தம்பி, நீங்க சொல்றது சரிதான். எங்க தாமான்லேருந்து தமிழ்ப்பள்ளிக்கு பஸ் இல்லையே, அதுக்கு என்ன பண்றது?" என்றார். மனனம் செய்த உரையில் அதற்கு விடையில்லை. மாணவன் திகைத்து நின்றான். முன்வரிசையில் அவனுடைய ஆசிரியர் தலைகுனிந்தார். சிறிது நேரங்கழித்து அவன் ஒலிவாங்கியை விட்டு ஓரடி முன்வந்து, "அம்மா, நீங்க எந்தத் தாமான்ல இருக்கீங்க?" என்று கேட்டான். அதற்கு மதிப்பெண் இடப் படிவத்தில் கட்டமில்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன்.