கைப்பிடியும் சக்கரமும்

முல்லைத்தீவு, சிலாவத்தை, அளம்பில், நாயாறு என்று கரை நெடுகப் பார்த்தால் மணலில் ஏற்றி நிற்பவை பெரும்பாலும் 18 முதல் 23 அடிவரையான பிளாஸ்டிக் படகுகள். பின்பலகையில் ஒரு வெளியிணைப்பு இயந்திரம் தொங்கும். ஓட்டுகிறவர் அதன் அருகில் இருந்து கைப்பிடியை இழுத்தும் தள்ளியும் படகைத் திருப்புவார். ஸ்டியரிங் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருந்து வரும் றோலரில் அறை இருக்கிறது, அறைக்குள் சக்கரம் இருக்கிறது, புதிய இரும்புப் படகென்றால் சக்கரத்துக்குக் கீழே எண்ணெய்ப் பம்பும் இருக்கலாம். அவர்கள் முன்னேறிவிட்டார்கள், நாங்கள் பின்தங்கிவிட்டோம், எங்கள் படகையும் முழு ஹைட்ரோலிக்குக்கு மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பிட எடுத்த படகுகள்தான் பொருந்தவில்லை.

முதலில் அந்த ஹைட்ரோலிக் பொறி வேலை செய்யும் விதம். சக்கரத்தைச் சுற்றினால் அதன் அடியிலுள்ள சிறு பம்பு எண்ணெயை ஒரு குழாய் வழியே தள்ளும். பின்னால் இருக்கும் சிலிண்டரின் தண்டு நகர்ந்து சுக்கானையோ இயந்திரத்தையோ திருப்பும். அடுத்த குழாய் வழியே எண்ணெய் திரும்பி வரும். சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் நடுவே சங்கிலியோ கம்பியோ இல்லை, எண்ணெய் மட்டுமே. பம்பிலுள்ள வால்வு எண்ணெயைப் பூட்டி வைப்பதால் கையை எடுத்தாலும் சுக்கான் விட்ட இடத்திலேயே நிற்கும். கிளிநொச்சியில் அறுவடை இயந்திரம் திருத்துகிறவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. அங்கே எண்ணெயைத் தள்ளுவது இயந்திரம், படகில் பெரும்பாலும் ஓட்டுகிறவரின் கை.

தமிழகத்து விசைப்படகுக்கு இது ஏன் பொருந்துகிறது? பழைய மரப்படகுகளில் சக்கரத்திலிருந்து சங்கிலியும் கம்பியும் கப்பிகள் வழியே பின்னால் ஓடி, சுக்கான் தண்டைத் திருப்பும். உப்பில் சங்கிலி துருப்பிடிக்கும், தளரும், கிறீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். மடி இழுக்கும்போது படகு இலகுவில் திரும்பாது, இராமுழுதும் சக்கரத்தில் நிற்கிறவரின் தோள் அதற்கு விலை கொடுக்கும். 2020 இல் வந்த தமிழக விதிகள் 24 மீற்றர் நீளமும் 240 குதிரைவலுவும் வரை இடம் தருகின்றன. அந்த அளவுப் படகுக்குச் சங்கிலியைக் கழற்றிவிட்டு சிலிண்டர் பூட்டுவது ஆடம்பரமல்ல. எண்ணெய் கசிந்தாலும் சுக்கான் தண்டின் தலையில் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் திருப்பிக் கரை சேரலாம். அந்தக் கம்பியை வைக்க மறந்து மாற்றம் செய்கிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.



இனி தமிழகத்தின் திறந்த கரைகளைப் பாருங்கள். நாகை, கடலூர்ப் பக்கத்து ஊர்களில் மணலிலிருந்து தள்ளி இறக்கும் பைபர் படகுகளில் சக்கரமும் இல்லை, ஹைட்ரோலிக்கும் இல்லை. சிறிய டீசல் இயந்திரம், அதிலிருந்து நீண்ட வால்போல ஒரு தண்டு, முனையில் காற்றாடி. கைப்பிடியை அமுக்கினால் காற்றாடி தண்ணீரை விட்டு எழும்பும். ஆழம் குறைந்த இடத்துக்கும் அலை உடையும் இடத்துக்கும் அதுதான் தோது. இலங்கையிலும் இதே கதைதான், தலைகீழாக. பேருவளை, திக்கோவிட்ட போன்ற துறைமுகங்களில் கட்டி நிற்கும் பலநாட் படகுகளில் அறையும் உண்டு, சக்கரமும் உண்டு. ஆக, பிரிவுக் கோடு பாக்கு நீரிணையில் இல்லை. துறைமுகத்தில் கட்டும் படகுக்கும் மணலில் ஏற்றும் படகுக்கும் நடுவில் இருக்கிறது.

முல்லைத்தீவுக்கு மீன்பிடித் துறைமுகம் இல்லை. வாடைக் காலத்தில் அலை உடையும் கரையில் ஏறுவதே ஒரு தொழில். அலையின் முதுகில் படகை நேராக வைத்துக்கொண்டு வரவேண்டும், படகு ஒருச்சாய்ந்தால் கண நேரத்தில் திருப்பவேண்டும், மணல் தட்டுவதற்குள் இயந்திரத்தின் காலை உயர்த்தவேண்டும். கைப்பிடியில் ஒரே வீச்சில் முழுத் திருப்பம் கிடைக்கும். ஹைட்ரோலிக் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோக நாலைந்து சுற்று வேண்டும். பெருங்கடலில் அது நிதானம், உடையும் அலையில் அது தாமதம். அதோடு, ஓட்டுகிறவரைப் படகின் நடுவே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் காலை உயர்த்துவது யார்? 15, 25 குதிரைவலு இயந்திரங்களில் அது பொதுவாகக் கையால் செய்யும் வேலை. வலை குவிக்கும் இடத்தைச் சக்கரமும் அதன் பெட்டியும் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு இன்னொரு தொல்லை. குழாயில் துளி காற்றுப் புகுந்தாலும் சக்கரம் மெத்தென்று இருக்கும், பிடி கிடைக்காது. காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரப்பவேண்டும். கரை மணல் சிலிண்டரின் றப்பர் வளையத்தைத் தின்னும். தமிழகத்தில் கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே படகுக்கான உதிரிப்பாகம் கொழும்புக்கு வந்து, பிறகு வன்னிக்கு வரவேண்டும். செலவும் இருக்கிறது: 2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது பல படகுகள் கரையிலேயே கிடந்தன. அந்தக் கணக்கை இன்னும் மறக்காத வீட்டில் சக்கரத்துக்குச் செலவழிக்கும் பணம் இரண்டு வலைத்துண்டுக்குப் போவதே நல்லது.

ஆனால் கைப்பிடியே போதும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. இரணைதீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பெரிய படகோ, நூறு குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் பூட்டிய வேகப்படகோ என்றால் கைப்பிடி ஆபத்து. அந்த விசையில் இயந்திரம் ஒரு பக்கம் உதைத்தால் ஓட்டுகிறவரையே கடலில் தூக்கிப் போடும். அங்கே ஹைட்ரோலிக் பூட்டுவது செலவல்ல, பாதுகாப்பு. அப்படிப் பூட்டுகிறவர்கள் பம்பையும் சிலிண்டரையும் இயந்திரத்தின் வலுவுக்குப் பொருத்தமான அளவில் வாங்கவேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டவும் வேண்டும்.

40 குதிரைவலுவுக்கு உட்பட்டு, மணலில் ஏறி இறங்கும் படகு வைத்திருக்கிறவர்கள் கைப்பிடியை மாற்றவேண்டாம். கடற்றொழில் அமைச்சிடம் ஏதாவது கேட்பதென்றால் முல்லைத்தீவுக்கு ஒரு துறைமுகத்தைக் கேளுங்கள்.