யானைக்குட்டிக்குப் பால் கொடுத்தவருக்குச் சம்பளம் என்ன?

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் கல்லூரியின் அறிவியல் மன்றத்தில் மாணவர்களுக்கு ஓர் ஆவணப்படம் காட்டினோம். பெயர் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கி 2022-இல் வெளிவந்த படம் அது. 2023 மார்ச்சில் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. முதுமலையில், தெப்பக்காடு யானைகள் முகாமில், பொம்மன், பெள்ளி என்ற இருவர் தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்த்த வரலாறே அதன் கதை.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், அந்த அம்மாவுக்கு மாசம் எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ விடை தெரியவில்லை. அவள் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்தில் வருபவள். வனத்துறைத் தேர்வு எழுதலாமா என்று என்னிடம் முன்பே கேட்டிருந்தவள். அவளுக்கு அது வேடிக்கைக் கேள்வி அல்ல. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

படத்தின் சிறப்பு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். காட்டு விலங்குகளைப் பற்றிய படங்களில் பெரும்பாலும் மனிதர் இருப்பதில்லை. இருந்தால் வேட்டைக்காரராக இருப்பார், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளராக இருப்பார். இப்படமோ காட்டுநாயக்கர் என்னும் பழங்குடி மக்களை நடுவில் நிறுத்துகிறது. அவர்கள் தமிழில் பேசுகிறார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள்.

அறிவியல் நோக்கிலும் இது மதிக்கத்தக்கது. யானைக்குட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாய்ப்பாலை நம்பி வாழ்வது. பசும்பால் அதன் வயிற்றுக்கு எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டவேண்டும். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் ஏங்கிப்போகும். தாயற்ற குட்டியைப் பிழைக்கவைப்பது எவ்வளவு அரிய தொழில்திறன் என்பதை ரகு, அம்மு என்ற இரு குட்டிகளின் வளர்ச்சியில் நாம் கண்ணால் காண்கிறோம்.

படம் காட்டாதது

தொழில்திறன் என்று சொன்னேன். படம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அது அன்பு என்கிறது, தாய்மை என்கிறது. அவை பொய்யல்ல. ஆனால் சுமார் 40 நிமிடப் படத்தில் பெள்ளியின் ஊதியம் என்ன, அவருடைய வேலை நிலையானதா, தற்காலிகமானதா என்பது நமக்குத் தெரிவதே இல்லை. அவருடைய முந்தைய கணவர் புலியால் கொல்லப்பட்டார் என்று அறிகிறோம். அதே காட்டில் அவர் தொடர்ந்து பணியாற்றுகிறார். அந்த ஆபத்துக்கு எதிரே வைக்கப்பட்ட தொகை எவ்வளவு என்ற கேள்வி நமக்கு எழாதபடி இசையும் இயற்கைக் காட்சியும் நம்மை அழைத்துப் போய்விடுகின்றன.

வளர்ந்த ரகுவை வேறு பாகர்களிடம் ஒப்படைக்கும் காட்சியைப் பாருங்கள். இருவரும் கலங்குகிறார்கள், நாமும் கலங்குகிறோம். படம் அதைப் பிள்ளையைப் பிரிந்த துயரமாகக் காட்டி முடித்துவிடுகிறது. அது ஒரு பணி மாறுதலும்கூட. ஆண்டுக்கணக்கில் ஒரு விலங்கோடு பழகியவரின் கருத்துக்கு அம்முடிவில் இடம் உண்டா? இதைக் கேட்டிருந்தால் படத்தின் உருக்கம் குறைந்திருக்காது, ஆழம் கூடியிருக்கும்.

'ஆவணப்படம் என்ன சம்பளப் பட்டியலா?' என்று நீங்கள் கேட்கலாம். பட்டியல் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு தேவையானது என்பதைப் படத்துக்குப் பின் நடந்தவையே காட்டின. விருது கிடைத்ததும் 2023 மார்ச்சில் தமிழக முதலமைச்சர் பொம்மனுக்கும் பெள்ளிக்கும் ஆளுக்கு ரூ. 1 லட்சம் வழங்கினார். தெப்பக்காடு, ஆனைமலை ஆகிய இரு முகாம்களின் பாகர், காவடி 91 பேருக்கும் தலா ரூ. 1 லட்சம் அறிவித்தார். அவர்களுக்கு வீடு கட்ட ரூ. 9.10 கோடியும் ஒதுக்கப்பட்டது. (பாகனுக்கு உதவியாளராக இருப்பவரை முகாமில் காவடி என்பார்கள்.) அதுவரை தற்காலிகப் பணியாளராக இருந்த பெள்ளிக்கு 2023 ஆகஸ்டில் காவடிப் பணிக்கான நியமன ஆணை தரப்பட்டது. தமிழகத்தில் அப்பணியில் அமர்ந்த முதல் பெண் அவர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

நல்ல செய்திதான். எனினும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உழைப்பு, பிறகு படம், பிறகு உலக விருது, அதன் பின்னரே நியமன ஆணை. படமாகாத முகாம்களில், படமாகாத காடுகளில் உழைப்பவர்கள் எதற்காகக் காத்திருப்பது?

படிக்கட்டில் யார் எங்கே?

வனப்பணி ஒரு படிக்கட்டு. உச்சியில் இந்திய வனப்பணி. 1966-இல் அது இன்றைய வடிவில் அமைந்தது. அதில் பெண்கள் நுழைந்தது 1980-இல்தான். அந்த ஆண்டு மூவர் சேர்ந்தனர். தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 56,100. கீழே வந்தால் வனச்சரகர், வனவர். அதற்கும் கீழே வனக்காப்பாளர். தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 18,200. அடுத்து வனக்காவலர், ரூ. 16,600. இதனுடன் படிகள் சேரும். விடுப்பும் பணிப்பாதுகாப்பும் உண்டு.

இதற்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலர், தீத்தடுப்புக் காவலர் என்று பல பெயர்களில் தற்காலிகமாகவும் தொகுப்பூதியத்திலும் பணியாற்றுவோர் அங்கே நிற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், மலசர் போன்ற பழங்குடியினர். எந்தத் தடம் எந்த விலங்கினது, எந்தத் திசையில் காற்றடித்தால் தீ எங்கே பரவும் என்று அறிந்தவர்கள் இவர்கள். காட்டைப் பற்றிய நேரடி அறிவு மிகுந்திருக்கும் படியில்தான் வேலையின் உறுதி மிகக் குறைவாக இருக்கிறது.

நம் சீமையிலும் இதே கதைதான். கண்மாய்க்கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும் இயற்கை வளப் பாதுகாப்பே அன்றோ? 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்தில் உழைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். 2025-26-க்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி ரூ. 336. என்னிடம் கேள்வி கேட்ட மாணவியின் தாயும் அவ்வேலைக்குப் போனவர். மகள் 'சம்பளம் எவ்வளவு' என்று கேட்டது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

நடக்காமல் போவதற்குக் கூலி

இவ்வேலைக்கு ஏன் மதிப்புக் குறைகிறது? என் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். விசையும் அதன் திசையில் இடப்பெயர்ச்சியும் இருந்தால்தான் 'வேலை' நடந்ததாக இயற்பியல் கணக்கிடும். தலையில் மூட்டையுடன் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பவர் அந்த மூட்டையின்மீது செய்த வேலை பூஜ்யம். ஆனால் அவர் தசைநார்கள் இடைவிடாமல் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன, அவர் வியர்க்கிறார்.

காட்டுக் காவலரும் அப்படியே. அவருடைய வெற்றி எதுவும் நடக்காமல் இருப்பது: தீ பிடிக்கவில்லை, யானை சாகவில்லை, மரம் வெட்டப்படவில்லை. விளைந்த நெல்லை மூட்டைக் கணக்கில் அளக்கலாம். நடக்காத தீயை எதில் அளப்பது? அளக்க முடியாததற்குச் சம்பளம் தருவதைவிடப் பாராட்டுத் தருவது எளிது. அதனால்தான் அன்பு, தியாகம் என்ற சொற்கள் இத்துறையில் இவ்வளவு புழங்குகின்றன.

அன்பினால் மட்டுமே நடக்கும் பாதுகாப்பும் உண்டு, மறுக்கவில்லை. நம் மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அமைந்தது. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்வது வழக்கம். பண்டிகை நாள் விட்டுக்கொடுத்தலுக்கு இனிப்பு தகும். தினமும் காட்டில் நடப்பவருக்கு அது தகுமா?

உலக அளவில் பாருங்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் சுமார் 2,86,000 வனக்காவலர்களே உள்ளனர் என்று மதிப்பிட்டது. 2030-க்குள் நிலப்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென்றால் சுமார் 15 லட்சம் பேர் வேண்டும் என்றது. இத்தனை பேரை உருக்கமான படங்களைக் காட்டி மட்டும் சேர்க்க முடியாது.

எனவே, வாசகர்களே, இப்படத்தைப் பாருங்கள்; அவசியம் பாருங்கள். ஆனால் இத்தகைய எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வேலை செய்தவர் யார்? அவர் பெற்ற ஊதியம் என்ன? நாளையும் அந்த வேலை அவருக்கு உண்டா? விடை தராத படம், நல்ல படமானாலும், பாதிப் படமே.

அந்த மாணவியிடம் நான் தேடிக் கண்டவற்றை எல்லாம் மறைக்காமல் சொன்னேன். வனக்காப்பாளர் பணிக்கு எழுத்துத் தேர்வுடன் நடைத் தேர்வும் உண்டு. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ. நடக்கவேண்டும். அவள் ஊதியத் தொகையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இப்போது விடியற்காலையில் ஊர்க் கண்மாய்க்கரையில் நடந்து பழகுவதாகச் சொல்கிறாள்.