அடிமுத்திரையை நம்பலாமா?

ஐரோப்பியப் பீங்கான் நிறுவனங்கள் தட்டை விற்பதைவிட வரலாற்றை விற்பதில்தான் அதிக அக்கறை காட்டுகின்றன. தட்டைக் கவிழ்த்தால் ஒரு முத்திரை, அதன் பின்னால் ஓர் ஆண்டு, ஓர் அரச குடும்பம். விலையில் கணிசமான பங்கு அதற்குத்தான் போகிறது. அந்த உரிமைகோரலில் எவ்வளவு தேறும்? ஜெர்மனியின் மைசெனையும் இங்கிலாந்தின் வெட்ஜ்வுட்டையும் உரசிப் பார்க்கலாம்.

மைசெனின் பிறப்பு அப்படியொன்றும் கௌரவமானதல்ல. தங்கம் செய்யத் தெரியும் என்று பேரெடுத்த யோஹான் ஃப்ரீட்ரிஷ் பொட்கரை சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ் காவலில் வைத்திருந்தார். தங்கம் வரவில்லை. அறிஞர் சிர்ன்ஹவுஸின் மேற்பார்வையில் பொட்கரை மண் ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். 1708 ஜனவரி தேதியிட்ட சோதனைக் குறிப்பில் வெள்ளைக் களிமண்ணும் அலபாஸ்டரும் கலந்த கலவைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்தார். 1709 மார்ச்சில் பொட்கர் வெற்றியை அறிவித்தார். 1710இல் மைசென் நகரில் ஆலை எழுந்தது. பெயர் பொட்கருக்கே நிலைத்துவிட்டது. சிர்ன்ஹவுஸை இரண்டாம் வரிசையில் உட்காரவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இது சீனாவிடம் திருடிய வித்தை என்ற குற்றச்சாட்டு எடுபடாது. ஜிங்டெசென் சூளைகளின் செய்முறையை விவரித்துப் பாதிரியார் தாந்த்ரகோல் எழுதிய முதல் கடிதமே 1712ஆம் ஆண்டினது. சீனர்கள் களிமண்ணோடு ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சேர்த்தார்கள். மைசெனில் அந்தக் கல்லின் வேலையை முதலில் செய்தது அலபாஸ்டர். மண் கலவை சொந்தச் சரக்குதான். வடிவமும் ஓவியமும் அப்படியல்ல. தொடக்க ஆண்டுகளின் கிண்ணங்களில் பல, சீன, ஜப்பானிய மாதிரிகளின் நகல்கள். கெட்டிக்கார நகல்கள், ஆனாலும் நகல்கள்.

1731இல் கென்ட்லர் என்ற சிற்பி வந்த பிறகுதான் மைசென் தன் குரலில் பேசியது. அமைச்சர் ப்ரூல் பிரபுவுக்காக 1737 முதல் 1742 வரை உருவான அன்னப்பறவைத் தொகுதியைப் பாருங்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். தட்டின் பரப்பு முழுக்கச் சிப்பியின் வரிகள் மென்மையாகப் புடைத்திருக்கும். அவற்றின் நடுவே, வண்ணமே இல்லாமல், நாணல் ஓரம் நீந்தும் ஜோடி அன்னங்கள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் உருவம் முழுதாகத் தெரியும். தட்டை ஓவியப் பலகையாக நினைத்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது. மண்ணைச் சிற்பப் பொருளாக நினைத்தவருக்கே தோன்றும். மைசெனின் மரபு என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

அந்த மரபின் மூலப்பொருளும் கைவசமே உள்ளது. ஆலை இன்னும் அதே ஊரில், சாக்சனி மாநிலத்தின் உடைமையாக இயங்குகிறது. பக்கத்து ஸைலிட்ஸில் உள்ள சொந்தச் சிறு சுரங்கத்திலிருந்து களிமண் வருகிறது. ஓவியம் கையால் தீட்டப்படுகிறது.

வெட்ஜ்வுட்டின் கதை வேறு. 1759இல் தொழில் தொடங்கிய ஜோசையா வெட்ஜ்வுட் பீங்கான்காரரே அல்ல. அவருடைய புகழ் பாலாடை நிற மண்பாண்டத்தில் பிறந்தது. ரஷ்யப் பேரரசி காதரினுக்கு 1774இல் அனுப்பிய 952 உருப்படித் தொகுதியும் அந்த மண்பாண்டம்தான். எலும்புச் சாம்பலைச் சரிபாதி அளவுக்குச் சேர்க்கும் போன் சைனாவைப் பக்குவப்படுத்தியவர் வேறோர் ஆலைக்காரரான ஸ்போட். வெட்ஜ்வுட் ஆலை அதைச் செய்யத் தொடங்கியது 1812இல். ஜோசையா இறந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆக, இன்றைய வெட்ஜ்வுட் போன் சைனா கோப்பைக்கு 1759 என்ற ஆண்டைச் சூட்டுவது இரவல் நகை.

ஜோசையாவின் உண்மையான சொத்து முறைமை. எட்ரூரியா ஆலையில் ஆளுக்கொரு வேலை என்று பிரித்தார். மணியடித்து வேலை நேரத்தைக் கட்டினார். சூளை வெப்பத்தை அளக்கக் கருவி செய்தார். லண்டனில் காட்சிக்கூடம் வைத்து, அரசி வாங்கியதையே நடுத்தர வர்க்கமும் வாங்கும்படி செய்தார்.

2009 ஜனவரியில் வெட்ஜ்வுட்டின் தாய் நிறுவனம் திவாலாகிக் கைமாறியது. 2015இல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் வாங்கியது. இதற்கிடையே உற்பத்தியின் பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போயிற்று. இதைத் துரோகம் என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். செலவைக் கணக்குப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுத்தவரின் ஆலை, அதே கணக்கில் கடல் தாண்டியது. இந்தோனேசியத் தொழிலாளரின் கையும் குறைந்ததல்ல. பிழை விலையில் இருக்கிறது. இடம்பெயர்வால் மிச்சமான பணத்தை எடுத்துக்கொண்டு, இடம்பெயராதது போன்ற பெருமைக்கும் தனியாக வசூலிக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

பீங்கான் மரபு என்ற வகையில் மைசெனுக்கே என் தீர்ப்பு. நிபந்தனை இல்லாமல் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் மாக்ஸ் எஸ்ஸர், பவுல் ஷாய்ரிஷ் போன்ற சிற்பிகளுக்கு அந்த ஆலை இடம் கொடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்போ ஆடை, நகை, அறைகலன் என்று இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. இழப்பைத் தாங்கியது மாநில அரசு. முத்திரையை எதன் மீதும் குத்தலாம் என்ற நினைப்பில் மைசெனும் அன்று வெட்ஜ்வுட்டின் பக்கத்தில்தான் நின்றது.