காயம் ஆற்றுபவரின் முறை

போர்வீரனிடம் மிஞ்சியிருப்பது 11 ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் புள்ளிகள். எதிரே நிற்கும் ஓகர் என்ற அரக்கனின் தடி விழுந்தால் சராசரியாக 13 போகும். இப்போது கிளெரிக்காக, அதாவது காயம் ஆற்றும் பாதிரியாராக, ஆடும் பெண்ணின் முறை. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள்.

அவளிடம் 'கியூர் வூண்ட்ஸ்' என்ற காயம் ஆற்றும் மந்திரம் இருக்கிறது. எட்டுமுகப் பகடை ஒன்றை உருட்டி 3ஐக் கூட்டினால் சராசரி ஏழரை. ஊற்றுவதைவிட ஒழுகுவது அதிகம். 'ஹீலிங் வேர்ட்' என்று இன்னொன்றும் இருக்கிறது. நாலுமுகப் பகடைதான், ஆனால் 60 அடி தூரத்திலிருந்தே சொல்லலாம், சொல்லிவிட்டுக் கதாயுதத்தையும் வீசலாம். ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால், 11 இருக்கும்போது 13 அடித்தால் மிச்சம் 2 வீணாகிறது. ஆகவே கணக்குத் தெரிந்தவள் இப்போது ஆற்றமாட்டாள். அவன் விழட்டும் என்று காத்திருப்பாள். விழுந்தவனை ஒரு சொல்லால் எழுப்புவாள். அடுத்த சுற்றில் அவன் மறுபடி விழுவான், மறுபடி எழுவான்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின், 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பை ஆடியவர்களுக்கு இது பழகிய காட்சி. யோ-யோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோழன் விழும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று ஒரு விதி கற்றுத்தருகிறது என்றால், அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் கிளெரிக் மருத்துவரே அல்ல. டேவ் ஆர்னசன் மினசோட்டாவில் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவரின் பாத்திரமான சர் ஃபாங் ரத்தக்காட்டேரியாகி அடக்க ஆளில்லாமல் வளர்ந்தது. அதை எதிர்க்கச் சிலுவையேந்திய பாதிரியாராக மைக் கார் களமிறங்கினார். காட்டேரிப் படங்களில் வரும் வேட்டைக்காரரின் சாயலில் பிறந்த அந்தப் பாத்திரம்தான் 1974இல் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் வெளியிட்ட முதல் டி அண்ட் டியில் போர்வீரன், மந்திரவாதி ஆகியோருக்கு அடுத்த மூன்றாவது வகுப்பானது. கோலைப் பாம்பாக்குவது, நோயை நீக்குவது, உணவை உண்டாக்குவது, இறந்தவரை எழுப்புவது என்று கிளெரிக்கின் மந்திரப் பட்டியல் முழுக்க விவிலிய வாடை. காயம் ஆற்றுவது அந்த அற்புதங்களில் ஒன்றாக உள்ளே வந்தது. முதல் நிலைக் கிளெரிக்குக்கு மந்திரமே கிடையாது, இரண்டாம் நிலையில்தான் ஒன்று கிடைக்கும். மந்திரவாதியின் பரம்பரை வேறு. ஜாக் வான்ஸின் கதைகளில் வரும், மனப்பாடம் செய்து ஓதியதும் மறந்துபோகும் மந்திரங்கள் அவனுடையவை. அவன் தீப்பந்தை வீசலாம், ஆனால் ஒரு கீறலைக்கூட மூட முடியாது. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததாகத் தோன்றவில்லை. இரண்டு மூதாதையர் வழியாக அது தானாகவே வந்து சேர்ந்தது.

ஆனால் அதன் விளைவு பெரிது. 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டின்படி ஒரு நாள் ஓய்வுக்கு ஒரு ஹிட் பாயிண்ட்தான் திரும்பும். நன்றாக அடிபட்டவன் வாரக்கணக்கில் சத்திரத்தில் படுத்திருக்க வேண்டும். கிளெரிக் இருந்தால் நாளைக் காலையே கிளம்பலாம். குழுவுக்கு அவர் தருவது உண்மையில் காலம். அதனால் யாராவது ஒருவர் கிளெரிக்காக ஆடியே தீரவேண்டும் என்றானது. விருந்தில் எல்லோரும் சாப்பிட, ஒருவர் மட்டும் பரிமாறிக்கொண்டே நிற்பதைப் போல. பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்பவர் தலையில்தான் அது விழும்.

இந்த வழி ஒன்றுதான் உண்டு என்பதில்லை. முதல் டி அண்ட் டி வந்த அடுத்த ஆண்டே, 1975இல், கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸில் கிளெரிக்கே இல்லை. காயம் ஆற்றுவது மந்திரவாதியின் வேலை, மந்திரத்தின் பெயர் 'புவர் பேபி'. விழுந்த குழந்தையைத் தடவிக்கொடுப்பதுபோன்ற அந்தப் பெயர் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஓதுபவருக்குத் தன் உடல்வலுவிலிருந்தே விலை போகும். 1978இல் கேயாசியம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வாள் பிடித்தவனும் ஆற்றும் மந்திரம் கற்கலாம். கை, கால், தலை என்று உறுப்புக்கு உறுப்பு அடி விழும் ஆட்டம் அது. காலில் வெட்டு விழுந்தவன் விழுந்த இடத்திலேயே தன் காலைத் தானே மூடிக்கொள்வான்.

டி அண்ட் டியோ கிளெரிக்கின் கட்டை அவிழ்க்கக் கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், காலையில் ஆயத்தம் செய்த வேறொரு மந்திரத்தை அந்த நொடியில் ஆற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல விதி. ஆனால் அதே பதிப்பில் 750 பொற்காசுக்கு ஒரு மந்திரக்கோலும் கிடைத்தது. 50 முறை பயன்படும், முறைக்குச் சராசரி ஐந்தரை, ஆக ஒரு குச்சிக்குள் 275 ஹிட் பாயிண்ட். சண்டை முடிந்ததும் குச்சியை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். காயம் என்பது கடைச்சரக்காகிவிட்டது.

நான்காம் பதிப்பு 2008இல் வந்தது. பலர் வெறுத்த பதிப்பு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதைப்போல ஆழமாக யோசித்தது வேறெதுவும் இல்லை என்றே சொல்வேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை 'ஹீலிங் சர்ஜ்' என்று கணக்கு. ஒவ்வொன்றும் அவரவர் முழு ஹிட் பாயிண்டில் கால் பங்கு. கிளெரிக் சொல்லும் சொல் தன் கையிலிருந்து உயிரை எடுத்துக் கொடுப்பதில்லை, அடிபட்டவரின் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. தேறும் சக்தி தேறுபவருடையது. இந்த வேலையைச் செய்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'லீடர்'. பரிமாறுபவரைப் பந்தியின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் பந்தியில் வார்லார்டும் இருந்தான். தெய்வம் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு படைத்தலைவன். "எழுந்திரு!" என்று அவன் கத்தினால் தோழனின் ஹிட் பாயிண்ட் ஏறும். சத்தம் போட்டால் வெட்டுக்காயம் மூடுமா என்று பெரிய சண்டையே நடந்தது. ஆனால் ஹிட் பாயிண்ட் வெறும் சதையல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வ அருளும் சேர்ந்தது என்று கைகாக்ஸ் 1979லேயே விளக்கியிருந்தார். அப்படியென்றால் குரல் கொடுத்துத் தெம்பூட்டுபவன் ஆற்றுபவன்தான். முரண் இருப்பது வார்லார்டிடம் அல்ல, 'காயம் ஆற்று' என்று மந்திரத்துக்குப் பெயர் வைத்ததில்.

ஐந்தாம் பதிப்பு வார்லார்டைக் கைவிட்டது. ஒரு நீண்ட ஓய்வு எடுத்தால் முழு ஹிட் பாயிண்டும் திரும்பும். ஒரு மாதப் படுக்கை ஒரே இரவானது. கிளெரிக் இல்லாமலும் ஆட முடிந்தது, அது பெரிய விடுதலை. சண்டைக்குள் மட்டும் முதலில் சொன்ன யோ-யோ மிஞ்சியது. 2024இல் திருத்திய நூலில் பகடையை இரட்டிப்பாக்கினார்கள். 'கியூர் வூண்ட்ஸ்' இப்போது சராசரி 12, ஓகரின் அடிக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. முன்கூட்டியே ஆற்றுவதற்கு அர்த்தம் வந்திருக்கிறது. ஆனால் விழுந்து எழுவதற்கு இன்னும் விலை இல்லை.

அந்த விலையைச் சேர்த்தது பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, 2019. விழுந்து எழுந்தவர் மேல் 'வூண்டட்' என்ற குறி ஒட்டிக்கொள்கிறது. மறுமுறை விழும்போது சாவுக்கு அத்தனை நெருக்கத்தில் விழுவார். ஆற்றுபவருக்கும் தேர்வு உண்டு. சுற்றுக்கு மூன்று செயல். ஒன்றைச் செலவிட்டால் தொட்டு ஆற்றலாம். இரண்டு செலவிட்டால் 30 அடி தள்ளியிருந்தே, கூடுதல் எட்டுடன். மூன்றையும் கொடுத்தால் சுற்றியுள்ள எல்லோருக்கும். மந்திரமே தெரியாதவரும் மருத்துவத் திறனும் மருந்துப்பையும் பத்து நிமிடமும் இருந்தால் காயத்தைக் கட்டலாம். அந்த மேசையில் நம் கிளெரிக் காத்திருக்கமாட்டாள். அவன் நிற்கும்போதே கை நீட்டுவாள்.

மீண்டும் ரூன்குவெஸ்டுக்கே போகிறேன். எல்லோரும் தங்கள் காயத்தைத் தாங்களே ஆற்றிக்கொள்ளும் அந்த உலகில் சலானா அராய் என்ற தேவியின் அடியார்களும் இருக்கிறார்கள். வெள்ளுடை, அறிவுள்ள எந்த உயிருக்கும் தீங்கு செய்யேன் என்ற சூளுரை. யாரும் கட்டாயப்படுத்தி அவர்களை ஆட வைக்கத் தேவையில்லை, அவர்கள் இல்லாமலும் குழு பிழைக்கும். வேண்டும் என்று விரும்புபவரே அந்தப் பாத்திரத்தின் தாளை எடுக்கிறார். ஆயுதம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஈட்டிகளுக்கு நடுவே தன் முறை வரும்போது விழுந்து கிடப்பவனை நோக்கி நடக்கிறார்.